கோடு போட்ட பக்கம்

திருவான்மியூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் ஈமெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, போன வாரம் என்னை உங்கள் ஆபீசுக்கு அழைத்து, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, 'வணிகக் கடிதத்தில் மரியாதை' என்று தலைப்பையும் கொடுத்தீர்கள். பத்து நிமிஷத்துக்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. உங்களில் பாதிப் பேர் மடியில் எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கதைப் புத்தகம் படித்தவள்தான், கோபமில்லை. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வந்துவிட்டேன். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

அன்புள்ள, மதிப்பிற்குரிய, தங்கள் உண்மையுள்ள எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் உங்கள் மிஷினே போட்டுக் கொடுத்துவிடுகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கோபத்தையும் அடுத்தவர் பணிவையும் டைப் அடித்து ஓய்வுபெற்றவள் நான். அதில் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன். அதைப் பற்றித்தான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தது யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். வீடு சாந்தோமில். அப்பா ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கராக இருந்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு தம்பிகள், நான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, டைப்பும் சுருக்கெழுத்தும் தேறியிருந்தேன். வீட்டில் உலை கொதிப்பது என் பத்து விரலை நம்பி இருந்தது.

காலையில் லஸ் வரை நடை. அங்கிருந்து பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸெல்லாம் முதுகில் ஒரு கொப்பரையைக் கட்டிக்கொண்டு கரி எரித்துத்தான் ஓடும். மேடு வந்தால் முனகும், அப்புறம் நின்றுவிடும். "ஆம்பளைங்கல்லாம் எறங்கி ஒரு தள்ளு தள்ளுங்கப்பா" என்பார் கண்டக்டர். நான் மகாராணி போல உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். தேனாம்பேட்டையில் இறங்கினால் மவுண்ட் ரோடு முழுக்க மரநிழல். இதைச் சொன்னால் என் பேத்தி நம்புவதில்லை. அந்த நிழலில் ஆபீஸ் வரை நடந்த அந்த ஐந்து நிமிஷத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால் இப்போதுகூட வாங்கிக்கொள்வேன்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். கித்தான் வியாபாரம். கித்தான் என்றால் கூடாரத்துக்குப் போடும் முரட்டுத் துணி. பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்ட்ரெச்சர் செய்து கொடுக்கும் ஆர்டர் அவருக்குக் கிடைத்திருந்தது. துணியை எங்கள் கிடங்கில் வெட்டி அனுப்புவோம். தைத்துக் கொடுப்பவர் கரீம் பாய். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டு மிஷின் போட்டிருந்தார். முதலாளி பட்டணத்துக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் மூன்று மாதம் அந்த மிஷின்களுக்கு நடுவில்தான் பாய் விரித்துப் படுத்திருந்தாராம். இதை ஆபீசுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே பெருமையாகச் சொல்வார்.

இனிக் காகிதத்துக்கு வருகிறேன். யுத்தத்தில் அரிசிக்கு வந்த பஞ்சம் காகிதத்துக்கும் வந்தது. வந்த உறையைப் பிரித்து, மேலே சீட்டு ஒட்டி, மறுபடி அனுப்புவோம். முதலாளியின் உத்தரவு ஒன்று உண்டு: ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அது காகிதம்தான், குப்பை அல்ல. அடித்துக் கெட்டுப்போன தாள்களை ஒரு தட்டில் சேர்த்து வைப்பேன். எழுத்து இருக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். உள்ளூர்க் கடிதங்களை மறுபக்கத்தில் டைப் அடித்துப் பியூன் கையில் கொடுத்தனுப்புவோம். ஊரே அப்படிச் செய்தது. யாரும் அதை அவமரியாதையாக நினைக்கவில்லை.

ஒரு தடவை நூறு ஸ்ட்ரெச்சருக்குக் கரீம் பாய் தைத்துத் தர வேண்டிய கித்தான் சொன்ன தேதியில் வரவில்லை. பட்டாளத்து ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து முதலாளியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அவர் படியிறங்கின உடனே முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"எழுதும்மா. சொன்ன தேதிக்குக் குடுக்க முடியலன்னா எதுக்கு ஒத்துக்கிடணும்? மிலிட்டரிக்காரன் என்னைல்லா கேக்கான். ஒம்ம நம்பினேன் பாரும், அது என் தப்புன்னு எழுது. இனிமே ஒமக்கும் எனக்கும் பேச்சில்லன்னு எழுது."

அவர் தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் அடிப்பேன். அதுதான் எங்கள் வழக்கம். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். எனக்கோ என் இங்கிலீஷின் மேல் தாங்க முடியாத கர்வம். 'ஒம்ம நம்பினது என் தப்பு' என்பதை அப்படியே அடித்தால் சப்பென்று இருப்பதாக எனக்குத் தோன்றியது. கொஞ்சம் யோசித்து இப்படி அடித்தேன்: 'உம்முடைய தரத்தில் உள்ள ஒருவரிடம் வாக்குச் சுத்தத்தை எதிர்பார்த்தது எங்கள் பிழையே.' இங்கிலீஷில் அந்த வாக்கியம் இன்னும் எடுப்பாக இருக்கும். அடித்து முடித்து ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

முதலாளி கையெழுத்துப் போட்டார். பியூன் வெளியே போயிருந்ததால் கடிதம் என் மேஜையிலேயே கிடந்தது.

பியூன் எல்லப்பன் ஊரூர்க் குப்பத்துக்காரர். சைக்கிளில் மயிலாப்பூர் போய்விட்டு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்தார். "பாயிக்கு நூல் கெடைக்கல சார்," என்றார். "கெட்டி நூலு. பட்டணம் பூரா அலஞ்சிக்கினு இருந்திருக்காரு. இன்னிக்கித்தான் கெடச்சிதாம். ரெண்டு நாள்ல குடுத்துடுறேன்னு சொன்னாரு. கால்லாம் வீங்கிக் கீது அவருக்கு."

முதலாளி சாப்பிட்ட கையை அலம்பிக்கொண்டே கேட்டார். அவர் கோபம் எப்போதும் அப்படித்தான், வந்த வேகத்தில் போய்விடும். என்னைப் பார்த்து, "அந்தக் கடுதாசி வேண்டாம்மா, கழிச்சுப் போடு," என்றார். "நல்லவிதமா ரெண்டு வரி எழுது. நூல் கெடைச்சது சந்தோசம், முடிஞ்ச மட்டும் சீக்கிரம் குடுங்க, ஒடம்பையும் பாத்துக்கிடுங்கன்னு."

கழித்துப் போடு என்றால் எங்கள் ஆபீசில் கிழித்துப் போடு என்று அர்த்தமில்லை. சிவப்புப் பென்சிலால் குறி போட்டுத் தட்டில் வைத்தேன். பிறகு உள்ளூர்க் கடிதம் அடிக்க அதே தட்டில் மேலே இருந்த தாளை எடுத்தேன். மேலே இருந்தது எது என்று சொல்ல வேண்டுமா? நானே இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வைத்த தாள். திருப்பி மிஷினில் செருகினேன், நல்ல வார்த்தையாக நாலு வரி அடித்தேன், கையெழுத்து வாங்கினேன், எல்லப்பன் பையில் போட்டேன். எங்களில் ஒருவரும் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சிவப்புக் கோடு போட்டால் எழுத்து மறைந்துவிடுமா? அதைப் போட்டுப் போட்டு என் கண்ணுக்கு அந்தப் பக்கமே இல்லாமல் போயிருந்தது. நீங்களும் ஈமெயிலின் அடியில் பழைய பேச்சையெல்லாம் வால் போலத் தொங்கவிட்டுத்தான் அனுப்புகிறீர்கள். எதிராளி அடிவரை இறங்கிப் படிக்க மாட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒரு நாள் இடைவெளி. அதற்கு மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு கைவண்டி வந்து நின்றது. நாங்கள் பாயிடம் கொடுத்திருந்த கித்தான் முழுவதும் அதில் இருந்தது. தைக்காத துணி ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தது. பக்கத்தில் தைத்து முடித்த பதினெட்டு. வண்டிக்காரர் சொன்னார்: "மிஷின்ல பாதி தச்சதை மட்டும் முடிச்சிட்டாரு. அடிபட்டவன் படுக்கிற துணி, அரகொறையா உடக் கூடாதுன்னாரு. மிச்சத்துக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொன்னாரு."

துணியின் மேல் எங்கள் கடிதம் குத்தியிருந்தது. சிவப்புக் கோடு போட்ட பக்கம் மேலே தெரிந்தது.

முதலாளி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கழிச்சுப் போடச் சொன்னதுல்லா?" என்றார். தலையை ஆட்டினேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தான் கோபத்தில் சொன்ன 'ஒம்ம நம்பினது தப்பு' பாயைச் சுட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதில் 'தரம்' என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆபீசில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அம்மாவின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

"காகிதம் மாறிப்போச்சுன்னு எழுது. மாத்தி அனுப்பினது நீ, நீயே கொண்டு போய்க் குடு," என்றார். அடித்தேன். 'எழுத்தர் ஒருவரின் வருந்தத்தக்க கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து, நல்ல காகிதத்தில், லெட்டர்ஹெட்டில். வெட்கம் கெட்டவள், அந்த வாக்கியத்திலும் கொஞ்சம் ரசித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

கச்சேரி ரோட்டுச் சந்தில் எட்டு மிஷினும் சும்மா இருந்தன. தைக்கிற எட்டுப் பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கரீம் பாய் காலை நீட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து வீட்டு ஸ்கூல் வாத்தியார்தான் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வார். என்னைப் பார்த்ததும் பாய் வாத்தியாருக்கு ஆள் அனுப்பினார்.

"உக்காரும்மா," என்றார். "அன்னிக்கும் வாத்தியார்தான் படிச்சாரு. இதோ இவங்கல்லாம் இருந்தாங்க. மொதலாளி நல்லதா எழுதிக்கீறாருன்னு நான்தான் சத்தமா படிக்கச் சொன்னேன். இந்தப் பக்கம் முடிஞ்சிது. அந்தப் பக்கமும் கீது, மிச்சம்போலன்னு திருப்பினாரு."

சுவரோரத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தன் கையால் சோறு போடும் எட்டுப் பேருக்கு முன்னால் ஒரு மனிதர் தன் தரம் என்ன என்று காதால் கேட்டிருக்கிறார். நான் வாய்க்குள் சொல்லி ருசி பார்த்த வாக்கியம் அது.

வாத்தியார் வந்தார். நான் கொண்டுவந்ததைப் படித்து, தமிழில் சொன்னார். பாய் முழுவதும் கேட்டுக்கொண்டார். "காயிதம் மாறினதுக்கு வருத்தமாம்," என்றார். "சரி. எழுதினதுக்கு?"

பாய் என் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி கோவக்காரரு, எனக்குத் தெரியாதா? 'நம்பினது தப்பு'ன்னாரா, சொல்லட்டும். மூஞ்சிக்கு நேரா இதவிட மோசமா எத்தினி தபா சொல்லியிருக்காரு. நானும் சொல்லியிருக்கேன். ஆனா தரம் இன்னாம்மா தரம்? இங்க, இந்த எடத்துல, இந்த மிஷினுக்குக் கீழ படுத்துக்கினு இருந்த மனுசன். அப்ப என் தரம் தெரியலியா அவருக்கு?"

அந்த நிமிஷத்தில் என் வேலை, அம்மா, தம்பிகள் ஒன்றும் நினைவில் இல்லை. இரண்டு மனிதருடைய பழக்கத்தை என் கர்வம் அறுத்துப் போட்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"பாய், அந்த வார்த்தையை முதலாளி சொல்லலை. 'உம்மை நம்பினது என் தப்பு'ன்னு மட்டும்தான் சொன்னார். தரம்னு நான்தான் சேர்த்தேன். கேட்க நல்லா இருக்கும்னு சேர்த்தேன். அவருக்கு அது இன்னும் தெரியாது."

எட்டுப் பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். பாய் என் கையைப் பார்த்தார், கார்பன் மை ஏறிய விரல்களை. பிறகு, "இத என்னாண்ட சொல்லிட்டே. அவராண்ட போய்ச் சொல்லு," என்றார். "வேற ஒண்ணும் வாணாம்."

தேனாம்பேட்டை வரை நடந்தே வந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். மாடிப்படி ஏறி, முதலாளி மேஜை முன்னால் நின்று, மூச்சு வாங்க, தரம் என்று சேர்த்தது நான்தான் என்றும் எட்டுப் பேர் முன்னால் அது படிக்கப்பட்டது என்றும் சொன்னேன்.

அவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "அந்த வரியைத் தமிழ்ல படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

இரண்டாவது தடவை படிக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர் தாளை வாங்கி மேஜையில் வைத்து, அடியில் விரலை ஊன்றினார்.

"கீழ யார் கையெழுத்தும்மா?"

"உங்களுது சார்."

"பெறகு என்ன? எல்லப்பன்கிட்ட ஜட்கா கூப்பிடச் சொல்லு. நீயும் வா."

"சார், நான் அங்கே பாய்கிட்டே..." என்று ஆரம்பித்தேன். நான் பாயிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லத்தான். அவர் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டார். ஜட்காவிலும் அவர் குதிரைக்காரருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் வெளியே பார்த்தபடி கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்க வழியில்லை.

சந்துக்குள் ஜட்கா போகாது. இறங்கி நடந்தோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு முதலாளி உள்ளே போனார். எல்லாரும் எழுந்தார்கள். பாய் எழ முயன்றார், கால் இடம் கொடுக்கவில்லை.

"இரும் பாய், எந்திரிக்காதேயும்," என்றார் முதலாளி. பிறகு எட்டுப் பேர் பக்கமும் திரும்பினார். "எல்லாரும் கேளுங்க. அந்தக் கடுதாசியில இருக்கிற வார்த்தை பூராவும் என்னோடது. தரம்னு எழுதினதும் நான்தான். கோவத்துல சொல்லி எழுத வச்சேன். இந்தப் பிள்ளை மேல ஒரு குத்தமும் கெடையாது. ஒங்க எல்லார் முன்னாலயும் அது படிக்கப்பட்டிருக்கு. அதனால ஒங்க எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். நான் எழுதினது தப்பு. பாய், என்னை மன்னிச்சிரும்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே இடத்தில் நான் சொன்னதைக் கேட்டவர்கள் அந்த எட்டுப் பேரும். அவர்கள் கண் மெல்ல என் பக்கம் வந்தது. வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை லேசாக உயர்த்தினார். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

"கோவத்துல வந்துட்ச்சி மொதலாளி," என்றார் பாய். "வுடுங்க. உக்காருங்க மொதல்ல. டேய், யாராவது போய் டீ சொல்லுங்கடா."

முதலாளி ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இரண்டு பேரும் நூல் கிடைக்காத கதையைப் பேச ஆரம்பித்தார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு முதலாளி சொன்னது பொய் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும் என்பது தெரியாதவர் முதலாளி ஒருவர்தான்; தான் என்னைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பாய் கடைசிவரை அதை அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேரிடம் நான் வேலை கற்றேன். சாயங்காலத்துக்குள் கித்தான் அதே கைவண்டியில் கச்சேரி ரோட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

திரும்பும்போதும் முதலாளி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு நின்றுகொள் என்று ஆபீஸ் போனதும் சொல்வார், அதுவரை பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். லஸ் தாண்டினதும் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

"அம்மா."

"சார்."

"ஒன்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. இனிமே நான் கோவத்துல சொல்லுததை அவ்வளவு நல்லா எழுதாத."